போத்தலில் இருந்த மிச்சம்

“என் புரோஸ்டேட்டைக் காட்டு” என்று காலையில் ஒருவர் கவுன்டரைத் தட்டினால் என்ன செய்வீர்கள்? ஆபரேஷனில் எடுத்த சதையைச் சோதிக்கும் லேபில், அதை இழந்தவர்களைச் சமாளிப்பதுதான் என் வேலை. பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் பேக்டரி பஸ் ஏறப் பிடிக்காமல் இங்கே வந்தேன். கவுன்டரில் நின்று திட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மை

வந்தவர் அருளம்பலம் அங்கிள், ஓய்வுபெற்ற கிளார்க். முதலில் ஊசியால் எடுத்த துணுக்கில் சின்னப் புற்று, ஆபத்துக் குறைவு என்றார்களாம். அதற்காக முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். இப்போது அதை வெட்டிப் பார்த்த துண்டுகளில் புற்றே இல்லை என்று ரிப்போர்ட். இவருக்கோ இருமினால் சிறுநீர் கசிகிறது.

ஆள் போனால் போதும் என்று போத்தலைத் தூக்கிக் காட்டினேன். மிச்சச் சதை ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் கறுப்பு. வெட்டிய ஓரம் எது என்று மைக்ராஸ்கோப்பில் தெரிவதற்காக நாங்கள் தடவும் மை அது. சொன்னேன். அவர் நம்பவில்லை.

“மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா பெயிண்ட் எதுக்கு தம்பி?”

அந்த ஆள்

சத்தம் கேட்டு மேடம் லிம் வந்தார். லேபில் அவர்தான் எனக்கு மேல். புற்று அந்த ஊசித் துணுக்கோடு போயிருக்கலாம், அல்லது இன்னும் வெட்டாத மிச்சத்தில் இருக்கலாம், அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அங்கிள் தலையாட்டிவிட்டு என்னிடம் தமிழில் திரும்பினார்.

“எனக்கு இல்லேன்னா அந்தத் துணுக்கு யாருது? அந்த ஆளு தனக்கு ஒண்ணும் இல்லேன்னு எங்கே சுத்திக்கிட்டு இருக்கான்?”

அந்தத் துணுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில். ஆனால் பசி நேரத்தில் இங்கே போத்தலுக்குப் பெயர் லேபிள் ஒட்டும் அழகை இப்போது தினமும் பார்க்கிறேன். அவர் கேட்டதிலிருந்து எனக்கும் சந்தேகம்.

அலமாரி

மிச்சத்தையும் வெட்டிப் பார்த்தால் தீர்ந்தது என்றேன். அதற்கு ஆபரேஷன் செய்த சர்ஜன் எழுதிக் கேட்க வேண்டும் என்றார் மேடம் லிம். அங்கிள் சர்ஜனின் பேஜருக்கு அடித்து அடித்துப் பார்த்தார். சர்ஜன் ஆஸ்திரேலியாவில் லீவில் இருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார் என்று நர்ஸ் சொன்னாள். எங்கள் அலமாரியோ சனிக்கிழமையே காலியாக வேண்டும். ரிப்போர்ட் போன பழைய போத்தலெல்லாம் குப்பைக்குப் போவது இங்கே வழக்கம். ஒன்றை மட்டும் வைக்கலாமே என்று மேடம் லிம்மிடம் கேட்டேன்.

“ஒவ்வொருத்தர் சந்தேகத்துக்கும் ஒரு அலமாரி கட்ட முடியுமா லா? எல்லாத்தையும் கொட்டு.”

எல்லாவற்றையும் கொட்டினேன், பச்சையும் கறுப்புமாக இருந்த அந்த ஒரு போத்தலைத் தவிர. அது என் லாக்கரில், யாரும் தேடாத என் பள்ளிச் சான்றிதழுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.