கேஷுவாலிட்டியில் செந்தமிழ்

கேஷுவாலிட்டி நர்ஸ் உத்தியோகத்தில் ஊசி போடுவது கால் பங்கு. மிச்ச முக்கால் பங்கும் வாய் வேலை. ரயில்வே டிக்கெட் ஜன்னலிலோ, ரேஷன் கடையிலோ, கோர்ட்டு வாசலிலோ நின்று நாள் பூரா ஜனங்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றிப்போனவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். வேலை பார்த்ததும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில்தான். ஹார்பர் கூலி, மீன் பிடிக்கிறவர், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர் என்று எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் தெரு பாஷைதான் பேசுவார்கள். நானும் அதிலேயே பதில் சொல்லி நிம்மதியாக இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன பிறகு புதிதாக ஒரு பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். "குந்து நைனா, பயப்படாத" என்று நான் ஒரு கிழவருக்குச் சொன்னது அவர் காதில் விழுந்து தொலைத்தது. அவ்வளவுதான். மறு வாரமே நர்ஸுகளுக்கு இனிமையாகப் பேசப் பழக்கும் வகுப்பு ஆரம்பம். சொல்லிக்கொடுக்க ஒரு ஹைஸ்கூல் தமிழ் வித்வான். இனிமேல் கேஷுவாலிட்டியில் எவளாவது 'இன்னா', 'கீது' என்று வாயைத் திறந்தால் துணிக் கிடங்குக்கு மாற்றல் என்று பெரிய டாக்டர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார், என்னை மட்டும் பார்த்துக்கொண்டே. அந்தக் கிடங்கில் நாற்றமும் இருட்டும்தான் துணை. கேஷுவாலிட்டியோ எனக்கு உயிர். அங்கே ஒருத்தர் கண் திறந்து பார்க்கும்போது வருகிற சந்தோஷம் வேறே எந்த வார்டிலும் எனக்கு வந்ததில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு செந்தமிழ் படித்தேன்.

அமருங்கள்

வித்வானின் முதல் பாடம்: 'குந்து' என்பது கொச்சை, 'அமருங்கள்' என்பதே பண்பு. பாடம் முடிந்து வார்டுக்கு வருகிறேன், காசிமேட்டுக்காரர் ஒருவர் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி நிற்கிறார். ரத்தம் சொட்டுகிறது. "ஐயா, அமருங்கள்" என்றேன். நின்றார். ஸ்டூலைக் காட்டி இன்னொரு முறை "அமருங்கள்" என்றேன். ஸ்டூலை எடுத்து என் பக்கம் மரியாதையாக நகர்த்தி வைத்தார். மூன்றாவது முறை சொன்னபோது மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"சிஸ்டர், அந்த அமரு கிமரு எல்லாம் வாணாம். எனக்குத் தல சுத்துது. கொஞ்சம் குந்திக்கட்டுமா?"

மேலே

என்னோடு டியூட்டி பார்த்த பிலோமினாள் வித்வானுக்குச் செல்ல மாணவி. படகுக் கட்டை மேலே விழுந்து தோள் எலும்பு நகர்ந்த ஒரு பெரியவரை அவள் எக்ஸ்ரே எடுக்க மாடிக்கு அனுப்பிவைத்தாள். வெளியே பெஞ்சில் மகளும் மருமகளும் சித்தியுமாக ஒரு கூட்டம். பிலோமினாள் அவர்கள் முன்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பழகிய மெல்லிய குரலில், "தங்கள் தந்தையார் மேலே சென்றுவிட்டார். அமைதியாக இருங்கள்" என்றாள்.

அப்புறம் ஏது அமைதி! மகள் தரையில் விழுந்து புரண்டாள். சித்தி மாரிலே அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு எடுப்பு எடுத்துவிட்டாள். பிலோமினாளும் என்ன நடந்தது என்று தெரியாமல், பாவம், கூடவே அழ ஆரம்பித்தாள். கால் மணி கழித்து பெரியவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு தோளில் தூளிக் கட்டோடு படியிறங்கி வந்தார். அழுகிற குடும்பத்தைப் பார்த்ததும் அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பக்கத்திலே போய் உட்கார்ந்தார்.

"யாரும்மா பூட்டாங்க? பேரச் சொன்னா நானும் அயுவேன் இல்ல?"

தம்மு

நர்ஸுகள் மட்டுமா? புதிதாகப் பாஸ் பண்ணி வந்த ஜூனியர் டாக்டர் ஒருவர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கம். நல்ல பையன், யார் மனசும் நோகப் பேசமாட்டார். வண்ணாரப்பேட்டை எண்ணெய் மண்டியிலே புண்ணாக்கு மூட்டை சரிந்து நெஞ்சில் விழுந்த ஒரு பாயைத் தூக்கிவந்தார்கள். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "தம்மு டாக்டர்… தம்மு…" என்று துடிக்கிறார். டாக்டரோ, "ஐயா, இந்த நிலைமையில் பீடி புகைப்பது உடம்புக்கு மிகவும் கெடுதல்" என்று அன்பாகப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தம் என்றால் மூச்சு என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் பேசாமல் ஆக்ஸிஜனை இழுத்துவந்து மூக்கில் வைத்தேன். பாய்க்கு மெல்ல மெல்ல முகத்தில் களை வந்தது. பேச்சு வந்ததும் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டரு தங்கமான மனுசரும்மா. கொஞ்சம் காதுக்கு மட்டும் மருந்து வுடு."

காலை

இது மட்டும் சிரிக்கிற சமாசாரம் இல்லை. ஒரு மத்தியானம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேகன் மோதி முனுசாமி என்கிற தொழிலாளிக்கு முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். நான் தொடையில் ரத்தக் குழாயை அழுத்திப் பிடித்தபடி திரைக்கு உள்ளே நிற்கிறேன்; கையை எடுத்தால் ஆள் காலி. வெளியே அவர் பெண்சாதி தனகோட்டியிடம் அதே ஜூனியர் டாக்டர் பேசுகிறார்.

"பதற வேண்டாம் அம்மா. காலை எடுத்துவிடுவோம்."

பிறகு அவள் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி: "இப்பவே எடுக்க முடியாதா சாமி?"

"இப்போதே எடுத்தால் ரொம்ப நல்லதுதான். நீங்கள் போய்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர். அவர் கேட்டது ரத்தம் கொடுக்க ஆள். அவள் காதில் விழுந்ததோ, காலையில் பிணத்தை எடுக்கிற சேதி. எனக்குச் சுருக்கென்றது. நான் திரைக்குள்ளிருந்து கத்தினேன். அதற்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டு வியாசர்பாடிக்கு ஓடிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு எல்லாம் தயார், பெண்சாதியின் கைநாட்டுதான் இல்லை. அது இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் ஒரே பிடிவாதம். முனுசாமியின் நாடி என் விரலுக்கடியில் இறங்கிக்கொண்டே போகிறது. வார்டு ஆளை சைக்கிளில் விரட்டினோம். அவன் வழியில் பாதி தூரம்கூடப் போகவில்லை, கூட்டமே எதிரே வந்துவிட்டது. தலைவிரி கோலமாகத் தனகோட்டி, மாலையோடு ஒரு மச்சான், பின்னால் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் தூக்கிக்கொண்டு நாலு பேர்.

அன்றைக்குப் பார்த்து வித்வானும் வகுப்புக்கு வந்திருந்தார். பெரிய டாக்டர் அவரை முன்னால் அனுப்பினார். வித்வான் கைகூப்பி, "அம்மையீர், ஆறுதல் கொள்க! தங்கள் கொழுநர்…" என்று தொடங்கினார். ஆறுதல் என்கிற வார்த்தையைக் கேட்டதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய், கூட்டம் 'ஓ'வென்று அழுதது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிலோமினாள் கையைப் பிடித்து ரத்தக் குழாய் மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தேன். துணிக் கிடங்கு ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும், போ!

"ஏ தனகோட்டி! வாய மூடு! உம் புருசன் சாவல! உசுரோட கீறாரு! முட்டிக்குக் கீய ஒரு காலு மட்டும் வெட்டணும். இப்பவே நாட்டு வச்சா பொயச்சிக்குவாரு. வா இங்க, வையி!"

அவள் கட்டைவிரலை நான்தான் மையில் அழுத்தினேன். மூங்கில் தூக்கி வந்த நாலு பேரும் அதை அங்கேயே போட்டுவிட்டு ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். ஸ்டிரெச்சர் உள்ளே போன பிறகு தனகோட்டி, ஜூனியர் டாக்டர், வித்வான், பெரிய டாக்டர் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"உசுரோட கீறாருன்ற ஒத்த வார்த்த, இத்தினி பேருல ஒருத்தர் வாய்லயும் வர்லியா?"

மாற்றல்

முனுசாமி பிழைத்துக்கொண்டார். எனக்கு மாற்றல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், பொதுஜனங்கள் எதிரில், இழிந்த பாஷையில் கூச்சல் போட்டது குற்றம் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஆள் பிழைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிலோமினாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் எதிரில் அழவில்லை. கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு முனுசாமி அக்குளில் கட்டை வைத்து ஊன்றிக்கொண்டு, தனகோட்டியோடு என்னைத் தேடி வந்துவிட்டார். மூட்டை மூட்டையாக அழுக்கு விரிப்புக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குத் திகைப்பு. "உன்ன இன்னாத்துக்கு இங்க குந்த வச்சிக்கிறாங்க?" என்று கேட்டார். "பேசத் தெரியலையாம்" என்றேன். தனகோட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா கீதே நாயம்! பேசத் தெரிஞ்சவள துணியாண்ட வுட்டுட்டு, தெரியாதவங்கள எல்லாம் உசுராண்ட வுட்டுக்கீறாங்களா?"

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கிடங்கில் நான் இருந்த அத்தனை நாளும் என் பேச்சைப் பற்றி எந்தப் படுக்கை விரிப்பும் புகார் கொடுத்ததில்லை.