கையை எடுக்காதீங்க, உம்மா

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து என்னைக் கல்முனைப் பக்கம் அரசாங்க மருத்துவிச்சியாக அனுப்பினார்கள். பிள்ளை பெறுவிப்பது, வயிற்றுப்பிள்ளைக்காரிகளின் காலை அமுக்கி வீக்கம் பார்ப்பது, கீழிமையை இழுத்து இரத்தம் போதுமா என்று பார்ப்பது, இதுதான் வேலை. பெண்கள் லேசில் தெருவில் இறங்கமாட்டார்கள். "கிளினிக்குக்கு நாங்க எப்பிடி மிஸி வாற? நீங்களே வாங்க" என்பார்கள். போவேன். ஏசிக்கொண்டே போவேன்.

மருதமுனையில் ஒரு நெசவாளியின் மனைவி நாலாவது பிள்ளைக்கு இருந்தாள். இமையின் உட்புறம் வெளுத்துக் கிடந்தது. இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று மாசக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். "மூணும் இந்த அறைக்குள்ளதானே மிஸி பொறந்த" என்று அவளுடைய உம்மா சிரித்தார்.

பட்டப்பகலில் பிள்ளை சுகமாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. அப்பாடா என்று நான் நிமிர்வதற்குள் பாய் நனைந்துவிட்டது. கூட நின்ற ராத்தா, உம்மாவின் அக்கா, "கெட்ட ரத்தம், போகட்டும் மிஸி" என்றார். கெட்ட இரத்தமாம்! அந்த உடம்பில் இருந்ததே கொஞ்சம், அதில் நல்லதேது, கெட்டதேது? கருப்பை சுருங்கவில்லை. கை வைத்தால் பிசைந்த மாவைப்போல் கிடந்தது. விடாமல் அழுத்தித் தேய்த்தேன். மெல்ல இறுகியது, இரத்தமும் குறைந்தது. கையை எடுத்தால் மறுபடி தளர்ந்துவிடும். அதை இறுக்கி நிறுத்தும் ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வாசலுக்கு வந்திருந்தது. ஆனால் அவள் புருஷனும் மற்ற ஆண்களும் வண்டிக்குத் திரை கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்பக்கம் மறைத்தால் பின்பக்கம் தெரிகிறதென்று வாக்குவாதம். நான் ஜன்னலால் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. போதாக்குறைக்கு, வண்டிக்குள் கால்மாட்டை உயர்த்தப் போடச்சொன்ன தலையணைகளைத் தலைமாட்டில் அடுக்கியிருந்தார்கள். உம்மாவின் கையைப் பிடித்து மகளின் வயிற்றில் வைத்தேன்.

"இது கல்லுப்போல இருக்கவேணும். தேய்ச்சுக்கொண்டே இருங்க. என்ன வந்தாலும் கையை எடுக்காதீங்க, உம்மா."

"ஓம் மிஸி."

நன்றாகத்தான் தேய்த்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். தலையணைகளை மாற்றிப்போட்டு, ஆண்களைக் கண்டபடி ஏசிவிட்டுத் திரும்பி வந்தால், அவள் நிற்கிறாள்! பெற்றுப்போட்டுப் படுத்திருந்தவளை எழுப்பி நிறுத்தி, ராத்தா புதுச் சேலை சுற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டைவிட்டு இறங்குகிற பெண் அழுக்குச் சேலையோடு போகக் கூடாதாம். உம்மா இரண்டு கையாலும் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார்.

"பாவியளே, படுக்க வையுங்க!"

"ஆம்புளயள்ற முன்னால மானம் மரியாத இல்லாம எப்பிடி மிஸி..." என்று ராத்தா சொல்லி முடிப்பதற்குள் இரத்தம் கால்வழியே இறங்கியது. அவள் உம்மாவின் தோளில் சரிந்தாள். கிடத்தினோம். ஒரு கையை உள்ளே கொடுத்து, மறுகையால் மேலிருந்து நசுக்கினேன். படித்ததெல்லாம் செய்தேன். "உம்மா, தண்ணி" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. திரை சரியாகக் கட்டியாயிற்று, கொண்டுவரலாம் என்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

அந்த ராத்தாவைக் கொன்றுபோடலாம்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவரும் தலையிலடித்துக்கொண்டு அழுதார். அவர் செய்தது தங்கச்சி மகளின் மரியாதைக்காக. யாரை என்ன சொல்ல? பிறகும் எத்தனையோ வீடுகளில் சேலையோடு வந்தவர்களை மறித்திருக்கிறேன். சில இடங்களில் என் பேச்சு எடுபட்டது, சில இடங்களில் எடுபடவில்லை. படித்து என்ன பிரயோசனம் என்று வாய்விட்டு அழுதுமிருக்கிறேன்.

அன்று நான் கை கழுவிவிட்டு அறைக்குள் வந்தபோது உம்மா மகளின் பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் அவள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸி, இப்ப சரியாப் புடிக்கிறனா?"

"ஓம் உம்மா" என்றேன். "சரியாத்தான் புடிக்கிறீங்க."