குழாய் சுற்றியது நான்

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு என் கணவர் கொளுத்திய கடை ராக்கெட் ஒன்று மேலே போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி அணைந்தது. நான் போய் எடுத்து வந்து பார்த்தேன். குச்சி கோணல். நீளமும் போதாது.

"இதவிட நல்லா நாமளே செய்யலாம்" என்றேன்.

சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிறே பழுப்புக் காகிதமும் பசையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மனஹள்ளியில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஓசூர் ரோட்டில் ஃபேக்டரி வேலை. எனக்கு மெஷின் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அதனால் காகிதக் குழாய் சுற்றுவது, குச்சியை நேராக இழைப்பது, விரல் மேல் நிறுத்திச் சமநிலை பார்ப்பது எல்லாம் என் பங்கு. மருந்து நிரப்புவது அவர். வற்றிக் கிடந்த ஏரிக்குப் பகலிலேயே போய் விட்டுப் பார்ப்போம். வெளிச்சம் தெரியாவிட்டால் என்ன, நேராகப் போகிறதா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். முதல் ஏழெட்டு புதருக்குள் போயின.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதி ஃபைலில் கோத்தேன். பக்கெட்டு மணலில் குச்சியை நடாதே, சாயும். இரும்புக் குழாயை மண்ணில் ஆழமாகப் புதைத்து அதில் விடு. காற்று ஆட்கள் பக்கம் அடித்தால் அன்றைக்கு ராக்கெட் கிடையாது. பற்றாமல் நின்றதைக் குனிந்து பார்க்காதே. இப்படி நாற்பது பக்கம். படித்துவிட்டு என்னை 'சீஃப் இன்ஜினியர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம், எங்கள் குடியிருப்பு லேஅவுட் சங்கம் நடத்திய, கன்னட மாநிலம் உருவானதைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவில் பன்னிரண்டு ராக்கெட் விடுவதாகத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டையும் செய்தேன்.

விழா நடந்த காலி மனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் ஆபீஸிலிருந்து போய்ச் சேர்ந்தபோது என் கணவர் மேடையை ஒட்டி ஒரு பக்கெட்டில் மணல் கொட்டி வைத்திருந்தார். இரும்புக் குழாய் வீட்டிலேயே கிடந்தது. காற்றும் ஜனங்கள் பக்கம்தான் அடித்தது.

"இங்க வேணாங்க. காத்தப் பாருங்க. பக்கெட்டு வேற" என்றேன்.

அவர் கையில் மைக் இருந்தது. "என் மிஸஸுக்கு வெடின்னாலே பயம். வீட்ல நான் ராக்கெட் செய்யறப்போ அடுத்த ரூமுக்கு ஓடிடுவாங்க" என்றார். கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய ஃபேக்டரிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

மூன்று ராக்கெட் நேராகப் போயின. கைதட்டல். நான்காவதற்குத் திரி பற்றியதும் பக்கெட் சாய்ந்தது. ராக்கெட் ஷாமியானாவுக்குள் புகுந்து, எங்கள் கீழ்வீட்டில் தையல் வேலை செய்த அக்காவின் வலது முன்கையைச் சுட்டுவிட்டுப் போனது. சேலையில் பிடித்த நெருப்பை யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

அக்காவை ஆட்டோவில் அனுப்பியதும் சங்கத் தலைவர் என் கணவரைக் கேட்டார், இதைச் செய்தது யார் என்று.

"நான் கொளுத்தத்தான் சார் செஞ்சேன். குழாய் சுத்தினதெல்லாம் இவதான். இவளுக்குத்தான் இந்தப் பைத்தியம்."

அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் என் ஃபைலை எடுத்துவந்து தலைவர் கையில் கொடுத்தார். எல்லாப் பக்கமும் என் கையெழுத்து. தலைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படங்களை மட்டும் புரட்டிப் பார்த்தார்.

"ஏனம்மா, ஓதிதோரு நீவு" என்றார். படித்தவர் நீங்கள், இப்படிச் செய்யலாமா என்று.

பக்கெட்டைப் பற்றி அந்த ஃபைலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போலீஸுக்குப் போகாமலிருக்க மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கம்பெனி ஆளுங்க இருந்தாங்கல்ல. கேஸாச்சுன்னா என் வேலை என்னாவறது?"

"எனக்கும் வேலை இருக்குங்க."

"உன்ன யாரு என்ன பண்ணிடப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு வைத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் கீழே போனேன். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் வீட்டுக்காரரு பக்கெட்ட வைக்கறப்பவே பாத்தேன். நீ வேணாம்னு சொன்னதும் கேட்டுச்சு. அப்புறம் ஏம்மா வாயத் தொறக்கல?"

வெட்டாமல் கிடந்த ரவிக்கைத் துணிகளை எடுத்து, அவர் அளவு சொல்லச் சொல்ல வெட்டிக் கொடுத்தேன். கை ஆறும்வரை தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அதைச் செய்தேன். மிச்சமிருந்த எட்டு ராக்கெட்டுகளையும் அன்றே தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "இந்த வருஷம் ஏதாவது செய்யலாமா, சீஃப் இன்ஜினியர்?"

"அப்படிக் கூப்பிடாதீங்க."

"இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்க?"

"ஆமா" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டாசு வாங்கக் கடைக்குப் போனார். நான் அரிசி களைந்து குக்கரில் வைத்தேன்.