டொக்டர் கதவைத் தட்டினால்

2013ஆம் ஆண்டின் அந்தக் கிழமை முழுவதும், கிளென் வேவர்லி வீட்டில் ரெலிபோன் அடித்தால் டொக்டர் கணேசலிங்கம் கதிரையை விட்டு அரைவாசி எழும்புவார். அதற்குமேல் முழங்கால் விடாது. மனைவி குணவதிதான் ஓடிப்போய் எடுப்பாள். சிட்னிக்கு வெகு மேற்கே, செம்மண் வெளியில் கிடந்த, அவர் முன்னர் வேலை செய்த சிற்றூரின் பிள்ளைப்பேற்று வாட்டை மூடுவதா இல்லையா என்று அரசாங்கம் முடிவெடுக்க இருந்தது.

முப்பது வருடத்துக்கு முன்னரும் இதே பிரச்சினைதான். அப்போது அவர் அந்த ஊரின் ஒரே டொக்டர். வாட்டை மூடினால், வலி கண்ட பெண்கள் கிறவல் தெருவில் அரை நாள் குலுங்க வேண்டும். ஊர்க் கவுன்சிலில் இருந்து கத்தினால்தான் சிட்னிக்குக் கேட்கும் என்று தேர்தலில் நின்றார். அங்கே தமிழர் என்றால் அவரும் குணவதியும் மட்டும்தான்.

முதல் நாள் வோட்டுக் கேட்கப் போனவர் போன கையோடு திரும்பி வந்தார்.

"என்னப்பா, நாய் கலைச்சதோ?"

"போன வீடெல்லாம் அழுகை."

குணவதிக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால் அவர் ரெலிபோனில் சொல்லமாட்டார். கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, தானே போய்க் கதவைத் தட்டுவார். இன்றும் அதே ரை.

"அதைக் கழட்டுங்கோ. கேற்றடியிலேயே நிண்டு, ஒருத்தரும் சாகேல்லை எண்டு கத்திப்போட்டுப் போங்கோ."

"விசரோ உமக்கு?"

"வோட்டு வேணுமோ, மரியாதை வேணுமோ?"

மறுநாள் கத்தினார். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமி, அவரை உள்ளே கூப்பிட்டு பியர் கொடுத்தார். சில நாட்களில், செம்புழுதி கிளப்பி வரும் அவருடைய காரைக் கண்டதும் பிள்ளைகளே அந்த வாசகத்தைக் கூவின. சொற்ப வோட்டுகளால் வென்றார். மந்திரிமாரின் வாசலில் போய்க் கிடந்தார். வாட்டு தப்பியது. அந்தக் கூவலை நினைத்தால் குணவதிக்கு இன்றும் சிரிப்பு வரும்.

வெள்ளி பின்னேரம் ரெலிபோன் அடித்தது. அந்த ஊரின் பழைய தாதி டொரீன். சுகம்கூட விசாரிக்காமல், அதே வாசகத்தை ஆங்கிலத்தில் கத்தினாள்.

குணவதி திரும்பிப் பார்த்தாள். கணேசலிங்கம் கதிரையின் கையைப் பிடித்தபடி முழுதாக எழுந்து நின்றிருந்தார்.

"என்னவாம்?"

"இருங்கோ. ஒருத்தரும் சாகேல்லை. வாட்டு இருக்குதாம்."

அவர் மெல்லக் கதிரையில் இருந்தார்.

"தேத்தண்ணி போடும்," என்றார். "முழங்கால் நோகுது."