செவலைக்கு எந்தப் படம்

வரதராஜன்பேட்டைச் சின்னப்பராஜுக்குச் சேவல் என்றால் உயிர். கொல்லையில் ஆடு மேய்ந்தால் அப்புறம் விரட்டிக்கொள்ளலாம் என்பான். சேவலுக்குக் கம்பு ஊறவைக்க மறந்தால் வீடு ரெண்டாகும். நாற்பத்தாறாம் வருஷக் கோடையில், பல சண்டைக் களம் ஜெயித்த அவனுடைய செவலைச் சேவல் கழிச்சல் கண்டு செத்துப்போனது.

ஒரே ஆறுதல், அதற்கு முன்பே அதைப் போட்டோ பிடித்திருந்தது. பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஹபிபுல்லா பாய், ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஊருக்கு வந்தபோது, செவலையையும் மச்சான் சவரியாரின் கருஞ்சேவலையும் தனித்தனியாக எடுத்துப் போனார். கலர் பூசி, கண்ணாடி போட்டுத் தருவதாகப் பேச்சு.

மச்சான்கள் இருவரும், பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரிவாயு பஸ்ஸில், புகைக்கு இருமிக்கொண்டே பெரம்பலூர் போனார்கள். பாய் இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். இரண்டிலும் கறுப்புச் சேவல்.

"என்ன பாய், ரெண்டும் கறுப்பா இருக்கு?"

"செவப்பு இந்தப் பிளேட்டுல கறுப்பாத்தாண்ணே விழும். எது உங்களுதுன்னு காட்டுங்க, கலர் ஏத்திடறேன்."

சின்னப்பராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே தாய்க்கோழி வம்சம். ஒரே நிற்பு, ஒரே வால்.

"பெத்த புள்ளைய அடையாளம் தெரியலியா மச்சான்?" என்றார் சவரியார். "ரெண்டையும் நானே மாட்டிக்கிறேன், குடுங்க."

"சும்மா இருங்க மச்சான்."

ஒரு படம் கொஞ்சம் வெளுப்பு; இறகு இறகாகப் பளபளத்தது. மற்றது கரிச்சட்டி. கறுப்பைவிடச் சிவப்பு வெளுப்புத்தானே என்று வெளுத்ததில் விரலை வைத்தான். பாய் பஞ்சில் சிவப்பைத் தொட்டுக் கழுத்தில் லேசாக ஓட்டினார். சேவல் தணல் மாதிரி ஜொலித்தது.

"பாருங்க, கலரு எப்படி உக்காருதுன்னு. அந்தக் கறுத்ததுல என்ன பூசினாலும் எடுக்காது."

அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மற்றதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மார்பு இறகெல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தது. அலகு நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். உற்றுப் பார்த்தால் தண்ணீர்ச் சொட்டு.

"அடச் சீ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

களத்தில் இறக்குமுன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துச் சேவலின் முகத்திலும் மார்பிலும் ஊதிவிடுவது வழக்கம். போட்டோப் பெட்டியை எதிர்ச்சேவலாக நினைத்தானோ என்னவோ, படம் எடுத்த அன்றைக்கும் பழக்கத்தில் ஊதித்தான் நிறுத்தியிருக்கிறான்.

"இதுதான் பாய் என்னுது."

"அண்ணே, வூட்டுல மாட்டறதுக்கு அதுதாண்ணே எடுப்பா இருக்கும்."

"எடுப்பா இருக்கறது மச்சானோட சேவலு. அதுக்குச் செவப்பு அடிச்சு, கும்பிடவா சொல்றீங்க?"

"அப்ப எஞ்சேவலு கழுத்துல பூசின செவப்பு?" என்றார் சவரியார்.

"தொடச்சுடறேங்க."

"வேணாம், இருக்கட்டும். மாலை போட்ட மாப்பிள்ளையாட்டம் இருக்கு."

சின்னப்பராஜ் சிவப்புகளை ஒவ்வொன்றாக நகத்தில் வைத்துப் பார்த்தான். குங்குமம் ஆகாது, செங்கல் ஆகாது. கடைசியில் மிளகாய்ப்பழச் சிவப்புக்குத் தலையாட்டினான். பாய் கொண்டையில் ஒரு தீற்றுத் தீற்றியதும், ஈரம் மறையக் கூடாது, போதும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி அற்புதம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலர் போடறேன்னு போயி, கெணத்துல விழுந்த கோழியாட்டம் தூக்கிட்டு வந்துருக்கீங்க."

"நம்ம செவலதாண்டி" என்று சிரித்துவிட்டு ஆணி தேடப் போனான் அவன்.