செல்வத்துக்கு நான் அனுப்பிய பட்டியல்

செல்வம் இறந்துவிட்டார்.

இன்று காலை செங்கத்தில், அவர் வீட்டு வாசலில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மாலையும் மெழுகுவர்த்தியுமாக வந்துகொண்டே இருக்கிறது. "நீங்கதான சாருக்கு ரொம்ப க்ளோஸ், நாலு வரி எழுதுங்க மேடம்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு... நான் ஜவ்வாது மலையில், புதூர்நாடு பக்கம், ஒரு சின்னத் தனியார் கிளினிக்கில் பதினோரு வருடம் நர்ஸ். செல்வம் அங்கே லேப் டெக்னீஷியன். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பார். அந்தக் கை வேறு யாருக்கும் வராது.

அப்புறம் தபாலில் எம்.பி.ஏ. படித்து, மலைக்குக் கீழே ஒரு ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். ஆனார். கிளினிக்கை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஜீப் பிடித்து மலையேறி வந்தார்.

"ஹெச்.ஆர்.னா இன்னா சிஸ்டர்? ஜனங்க சொல்றத காது குடுத்து கேக்கறது. அத்ததான நீங்க இத்தினி வருசமா பண்ணிக்கினு இருக்கீங்க?"

நம்பினேன். நாற்பது வயதில் வெள்ளை யூனிஃபார்மை மடித்து வைத்துவிட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டேன்.

முதல் வாரம், லேட்டாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி ரிப்போர்ட் கேட்டார்கள். "மூன்று நாள் தாமதம். குழந்தைக்குக் காய்ச்சல். தூக்கம் இல்லை. ஓய்வு தேவை" என்று கேஸ் ஷீட் மாதிரியே எழுதிக் கொடுத்தேன்.

செல்வம் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல வேள சிஸ்டர், மாத்திர எழுதாம வுட்டீங்க!" அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக மெயில் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான் இருக்கிறேன் என்று தெரிந்துதான் மலையிலிருந்து பெண்கள் அந்த வேலைக்கு இறங்கி வந்தார்கள். மாமியார்களே கொண்டுவந்து விட்டார்கள். "அங்க நர்சம்மா கீது, பயப்படாம போ."

தலை சுற்றுகிறது என்று யாராவது வந்தால் என் வாய் தானாகக் கேட்கும்... "கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கின?" தேதியை நோட்டில் எழுதி வைப்பேன். பழக்கதோஷம். முழுகாமல் இருப்பவர்களைப் பசை ஒட்டும் செக்‌ஷனில் உட்கார வைக்கக் கூடாது, அந்த நெடி ஆகாது.

செல்வத்திடம் சொன்னேன். "சூப்பர் சிஸ்டர். அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எல்லாரையும் பேக்கிங்குக்கு மாத்திடறேன்."

அனுப்பினேன். யா அல்லா... கிளினிக்கில் அவருக்கு எத்தனை சீட்டு எழுதி லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். அதே நினைப்பில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஏழு கவர் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இனி வரவேண்டாம். என் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். நாலாவது கவரை எடுக்கும்போதுதான் உறைத்தது. என் நோட்டில் இருந்த அதே ஏழு பேர். அதே வரிசை.

நாலாவது கவர் மல்லிகாவுக்கு. பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்... இப்போதாவது.

"உங்கிட்ட மட்டும்தான நர்சம்மா சொன்னேன்... எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் சொல்லலியே."

எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

செல்வத்தின் ரூமுக்குப் போய்க் கத்தினேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "மேல கேட்டாங்க, குடுத்தேன். நான் இன்னா பண்றது? இங்க நீங்க நர்ஸ் இல்ல சிஸ்டர், ஹெச்.ஆர்."

அன்றைக்கே வேலையை விட்டேன்.

மேலே இருந்தவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் செய்திருந்தால் வயிறு எரிந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ஆள் செய்தால் அதற்குப் பெயர் துரோகம். செத்துப்போனாலும் அதுதான் பெயர்.

மூன்று வருடமாக நான் மலைக்குப் போகவில்லை. ஒருநாள் வாணியம்பாடி மார்க்கெட்டில், கம்பெனியில் வேலை பார்த்த மலைக்காரப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

எத்தனை பிரசவம் பார்த்த கை இது...

போன மாதம் புது நம்பரிலிருந்து செல்வம் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நானே மலைக்கு வர்றேன் சிஸ்டர். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, குடுத்தது நான்தான்னு வூடு வூடா போய்ச் சொல்லிடறேன்."

"எப்ப?"

"புளி உலுக்கி முடியட்டும். அப்பதான் எல்லாரும் வூட்ல இருப்பாங்க."

சரி என்றேன். திட்டக்கூட இல்லை. பாருங்கள், இரண்டாவது தடவையும் நம்பியிருக்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். நான் போவேன். அவர் மனைவி பக்கத்தில் உட்காருவேன், அழுகையும் வரும்.

எனக்குத் தெரியாது என்பது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் செல்வம்.

போய்ட்டீங்க... போங்க.