நாலு கேள்விக்குறிகள்

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் இரண்டு மைல் நடந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேலை செய்த போன் கடையில் ஒருவருடைய போனைத் திருத்தப்போய், அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்கள் அதில் இருந்தனவாம். அவர் பின்னேரம் வருவார் என்று முதலாளி சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். தேத்தண்ணி குடிக்கப் பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆனையிறவு உப்பளத்தையும் உருத்திரபுரத்தில் ஒரு அரிசி ஆலையையும் இப்படித்தான் விட்டு வந்தேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான்.

மீன் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய சின்ன லொறி ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் நெற்றியில் 'மாதா' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"எங்கை தம்பி?"

"எங்கையாவது அண்ணை."

"எங்கையாவதுக்கு இது போகாது. முல்லைத்தீவுக்குத்தான் போகும். ஏறு."

என்ன வேலை தெரியும் என்று கேட்டார். உப்பு வாரினது, நெல் அவித்தது, போன் திருத்தினது என்று சொல்லிக்கொண்டு போய், கடைசியில் கொம்பியூட்டரும் தெரியும் என்றேன். லொறியை ஓரமாக நிறுத்திவிட்டார். அவருடைய அக்காவுக்கு, சண்டையின் கடைசி மாதங்களில் செல் விழுந்ததில், இரண்டு கண்ணும் இல்லை. திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை வைத்துத் தட்டச்சு பழகியிருந்தா. மறுநாள் காலை வவுனியாவில் ஒரு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சுப் பரீட்சை. சொந்த லப்டொப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது ஒரு கிழமையாக இயங்கவில்லை.

"உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன். மூன்று தரம்தான் கொம்பியூட்டரை அழித்துப் புதிதாகச் சிஸ்டம் அடித்திருந்தேன், அதுவும் மற்றவர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல.

வீடு கடற்கரைக்கு நூறு யார் தள்ளி இருந்தது. அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் வாய் திறந்ததும் முகத்தை என் பக்கம் சரியாகத் திருப்பினா. தன்னுடைய கோப்புகள் எல்லாம் பென்டிரைவில் இருப்பதாகவும், லப்டொப்பை முழுக்க அழித்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னா. அதில் எனக்குப் பாதிப் பயம் போனது.

மதியத்துக்குள் பழையது முழுவதையும் அழித்துப் புதிய சிஸ்டத்தை ஏற்றிவிட்டேன். லப்டொப்பைப் பாவிப்பவரின் பெயரை எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது.

"மாதாவின்ரை பேரை வைப்பம். இஞ்சை பேர் வைக்காமல் ஒருதரும் வள்ளத்தை இறக்குறேல்லை, ஐஸ் பெட்டியைக்கூடத் தொடுறேல்லை. தமிழிலை வையும்" என்றா அக்கா.

தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். விரல்களால் தடவிப் பார்த்துத் தானே தட்டினா. பிழையில்லாமல் வந்தது.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. லப்டொப்பில் சத்தம் வரவில்லை. சத்தத்துக்கான மென்பொருளைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றினால் பாதியில் ஒரு பெட்டி வந்து நின்றது. உள்ளே பிழைக்குப் போடுவது போலச் சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. வாசிக்கும் மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே புள்ளடி.

"என்ன சொல்லுது?" என்று அக்கா கேட்டா.

"ஏதோ பைல் பழுதாம்."

அப்படி அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. போன் டேட்டாவில் அந்தக் கோப்பை மறுபடியும் இறக்கினேன். அந்தக் கரையில் முற்றத்துத் தென்னைக்குக் கீழேதான் சிக்னல். இறங்கி முடிய ஒன்றரை மணித்தியாலம் போனது. திரும்பவும் புள்ளடி. வைரஸ் காவலை நிறுத்தினேன். லப்டொப்பை அணைத்துப் போட்டேன். அதே புள்ளடி. ஹார்ட் டிஸ்க்கே பழுதோ என்று நினைத்தேன்.

வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணை தலையை நீட்டினார். "என்னடாப்பா, பெட்டி இன்னும் கதைக்கேல்லையோ? அது கதைக்காட்டி உன்னைத்தான் கதைக்க வைப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வலை பொத்துகிற கை என் தொடை அளவுக்கு இருந்தது.

ஒன்றுக்குப் போகிறேன் என்று எழும்பினேன். பையையும் தோளில் கொழுவிக்கொண்டேன். கதவு நிலையில் கால் வைக்கும்போது அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போம். நான் வேறை ஆளைத் தேடவேணும். மூண்டு மணியாகுது."

கோபமே இல்லாமல், கடைக்குப் போகிறவனிடம் சீனி வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னா. என் பை தோளில் உரசியதை அவ கேட்டிருக்க வேண்டும். அடிப்பேன் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

"அக்கா, எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். பைல் பழுதெண்டு நானாச் சொன்னது."

அவ தன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டா.

"எழுத்துத் தெரிஞ்சால் போதும். ஒவ்வொண்டாச் சொல்லும். ஒண்டையும் விடாதையும்."

முதல் வரியைச் சொல்லி முடித்தேன். கோப்பை எழுத முடியவில்லையாம், அவ்வளவுதான் என்றா. இரண்டாம் வரிக்கு வந்தேன்.

"சி. ரெண்டு புள்ளி. சரிஞ்ச கோடு. யூ, எஸ், ஈ, ஆர், எஸ். சரிஞ்ச கோடு. ஏ, பி, பி..."

"நில்லும். ரெண்டாவது கோட்டுக்குப் பிறகு ஒண்டுமில்லையோ?"

"எழுத்தொண்டும் இல்லை அக்கா. கேள்விக்குறிதான் கிடக்கு."

"எத்தினை?"

"நாலு."

அக்கா மேசையில் விரலால் நாலு தரம் தட்டினா. "ம. அரவு. த. அரவு." அரவு என்றால் எழுத்துக்குப் பின்னால் வரும் கால்; கொம்பியூட்டருக்கு அதுவும் ஒரு எழுத்து. பிறகு சிரித்தா. "அந்த இடத்திலை ஆளின்ரை பேர் வரவேணும். அது மாதாவடா தம்பி. ஏறவந்த சாமானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியேல்லை, உமக்கு இங்கிலீசு மாதிரி."

அந்தப் பெயரில்தான் லப்டொப் ஒரு கோப்புறையைத் திறந்து வைத்திருந்தது. ஏற்றுகிற ஒவ்வொன்றும் முதலில் அதற்குள்தான் தன் சாமான்களை இறக்கப் பார்த்தது. வழி தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆங்கில எழுத்தில் புதிய பெயர் ஒன்று திறக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே, திருநீறு பூசுகிற சைவக்காரன் வந்து மாதாவின் பெயரை எடுத்துவிட்டான் என்று நினைப்பார்களோ என்று புதிதாக ஒரு பயம் வந்தது.

"மாதாவை இங்கிலீசிலை எழுதினால் கோவிப்பாவோ?" என்று அக்கா வெளியே இருந்த அண்ணையைக் கேட்டா.

"பிரான்சிலை, லூர்திலை போய்க் காட்சி குடுத்தவா. அவாவுக்கு எந்த எழுத்தும் விளங்கும். இவனுக்குத்தான் விளங்காது."

புதிய பெயரில் உள்ளே போய், சத்தத்துக்கான மென்பொருளைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மணி அடித்தது போல ஒரு ஒலி கேட்டது. அதன் பிறகு வாசிக்கும் மென்பொருள் ஏறியது. வறண்ட ஆண் குரல் ஒன்று திரையில் இருந்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கியது. அக்கா அதன் வேகத்தைக் கூட்டினா. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவவின் விரல்கள் அதற்கு முன்னால் ஓடின. ஒரு பந்தியை அடித்துவிட்டு, அதை வாசிக்கவிட்டுக் கேட்டுத் தலையாட்டினா.

பொழுதுபடும்போது சோறும் சூடை மீன் சொதியும் தந்தார்கள்.

"நாளைக்கு அங்கை போய் இது வாயை மூடினால்?" என்று அக்கா கேட்டா. குரல் முதல்முறையாகத் தளர்ந்திருந்தது. அவவுக்கும் பயம் இருந்திருக்கிறது. பின்னேரம் முழுக்க எனக்கு அது தெரியவில்லை.

மூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியாது அக்கா" என்றேன்.

"அப்ப நீரும் வாரும். இவன் விடிய வள்ளத்திலை போயிடுவான்."

"கூலி தருவியளோ எண்டு கேள் தம்பி" என்றார் அண்ணை. "என்னைச் சும்மாதான் கூட்டிக்கொண்டு திரியிறவா."

காலை ஐந்து மணிக்கு வவுனியா பஸ் வந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினா. யன்னல் ஓரம் அவவை இருத்தி, பக்கத்தில் நான் இருந்தேன். லப்டொப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்று எடுத்த வேலை அதுதான்: வவுனியா வரைக்கும் அதைக் குலுங்காமல் கொண்டுபோவது, பரீட்சை முடியும்வரை வாசலில் நிற்பது.